மாமாவின் முதுகு

ஷாக் அப்சார்பரின் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு திருகு. அதன்மேல் அக்கா வைத்த சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் அதை ஈரத்துணியால் துடைத்தவன் நான்தான்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், மண் தடத்தில் பந்தயக் கார் ஓட்டுபவர். வேங்கிக்காலில் எங்கள் பட்டறை. ஷாக் அப்சார்பர் வேலையை இருவரும் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் அறுவடை முடிந்த வேர்க்கடலைக் காடுகளில், எங்கள் பேச்சில் மல்லாட்டைக் காடுகளில், ஓட்டி ஓட்டித்தான் கற்றோம். திருகை முழுக்க மூடிவிட்டு, திறக்கும்போது கேட்கும் ‘டிக்’குகளை எண்ணி வைப்பது என் வேலை. மூட மூட இறுகும். இறுகினால், மேட்டில் எழும்பிய சக்கரம் தரைக்குத் திரும்பத் தாமதமாகும். வேகத்தில் அந்தத் தாமதம் போதும், ஆளைக் கவிழ்க்க. மாமா இறங்கி வந்து, "எடது பக்கம் ஜாஸ்தி மச்சான், ஒண்ணு கம்மி பண்ணு" என்பார். ஒரே ஒரு ‘டிக்’ கூட அவர் முதுகுக்குத் தெரிந்துவிடும். எனக்கு உள்ளுக்குள் பொறாமைதான்.

துடைத்தபோது இடது பக்கத் திருகு நகர்ந்தது. இரண்டு டிக்கா, மூன்றா? முழுக்க மூடி மறுபடி எண்ண ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். காரை ஏற்றிப்போக வாசலில் லாரி அவசரப்படுத்தியது. குத்துமதிப்பாகத் திருப்பி வைத்தேன்.

பந்தயத் தடத்தில் வெள்ளோட்டம் போய் வந்த மாமா ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"எடது பக்கம் இறுக்கமா இருக்குது. எதனா தொட்டியா?"

"இல்ல மாமா. எண்ணி வெச்சது வெச்சபடிதான் இருக்கு."

எண்ணிக்கையில் தவறாதவன் என்பது ஒன்றுதான் எனக்கிருந்த பெயர். அதை இழக்க மனம் வரவில்லை. "நீ சொன்னா சரிதான்" என்று கிளம்பிவிட்டார். மூன்றாவது வளைவில் கார் உருண்டது.

இடுப்பில் இரண்டு முறிவுகள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா, "பூஜைல நான்தான் ஏதோ கொறை வெச்சிட்டேன்டா" என்று அழுதாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. கோழை, வேறென்ன சொல்ல.

மாமா எழுந்து நடக்க எட்டு மாதமானது. வரும் ஞாயிறு மறுபடி ஓட்டப் போகிறார். இன்று காலை அதே மல்லாட்டைக் காட்டில் ஒரு சுற்று போய் வந்தவரிடம், எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"என்னைக் கேக்காத மச்சான். அன்னிக்கி என் முதுகு பொய் சொல்லிடுச்சு. இனிமே நீ எண்ணி வெச்சா போதும், நான் கண்ண மூடிக்கினு ஓட்டுறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். இன்று வெள்ளி.