நாலு ஆணி

சேதுபதிக்கு நீச்சல் தெரியாது. தெரியாதவன் எதற்குப் படகு வாங்கப் போனான் என்று கேட்டால், ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கப்பலேறிய துரையைத்தான் கேட்க வேண்டும். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டில் இவனுக்கு வேலை போனது. பால் வெட்டிப் பழகிய கைக்குக் காஜா பெராங்கில் வேறு வேலை அகப்படவில்லை. ஒற்றை ஆள் உட்காரும் சின்னச் சம்பான் ஒன்று இருந்தால், கரையோரமாகத் தூண்டில் போட்டாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று துணிந்தான். துணிந்தான் என்பது பேச்சுக்குத்தான். உள்ளுக்குள் வெடவெடத்துக்கொண்டிருந்தான்.

தெங்கேரா கடற்கரையில் தாவூத் என்ற மலாய்க்காரர் மூன்று பழைய சம்பான்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். முதலாவதில் சாயம் பளபளத்தது. அடிப்பலகையில் நகத்தை அழுத்தினான், சொதசொதவென்று உள்ளே போனது. இரண்டாவதைத் தனி ஆளாகக் கரையேற்ற முடியாது. மூன்றாவது பார்க்க அழகில்லை, ஆனால் மரம் கல்லு மாதிரி இருந்தது. உட்காரும் குறுக்குப் பலகை மட்டும் இல்லை. அதையே எடுத்தான்.

“பலகையைப் போட்டு நாலு ஆணி அடித்தால் போதும்” என்றார் தாவூத்.

அங்கேதான் வந்தது வினை. மனைவி ருக்மணிக்கு ஒன்பதாம் மாதம். முன்னே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டதால், இந்த முறை எந்தச் சாங்கியத்தையும் அவள் விடுவதாக இல்லை.

“வயித்துல புள்ள இருக்கயில ஆணி அடிக்கக் கூடாதுங்க. வேற ஆள் அடிச்சாலும் நம்ம சாமான்ல வேணாம்.”

சரியென்று பலகையைக் கயிற்றால் கட்டினான். இடுப்பளவுத் தண்ணீரில் ஏறி உட்கார்ந்து துடுப்பை ஒரு இழுப்பு இழுத்ததும் பலகை நழுவி, சம்பான் கவிழ்ந்து, வயிறு முட்ட உப்புத் தண்ணீர் குடித்து எழுந்தான். இங்கேயே இந்த லட்சணம் என்றால் ஆழத்தில் என்ன கதி?

அன்று மாலையே அடுத்த வீட்டுக் கோகிலாவிடம் ரகசியமாகச் சுத்தியல் கேட்டான். தேடி எடுத்து வைப்பதாகச் சொன்னவள், மறுநாள் காலை கொடுத்தாள். நேரே தெங்கேராவுக்கு நடந்தான். சத்தம் வீடு வரை எட்டாவிட்டால் தோஷமும் எட்டாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அடிக்கு ஒரு முருகா சொல்லி நாலு ஆணியையும் இறக்கினான்.

திரும்பி வந்தால், வாசலில் மருத்துவச்சியின் சைக்கிள். உள்ளே ருக்மணியின் முனகல். பாவி, பெற்ற பிள்ளை மேலேயே ஆணி அடித்துவிட்டேனே என்று சுவரோடு ஒட்டி நின்று அழுதான்.

வெகுநேரம் கழித்து மருத்துவச்சி வெளியே வந்தாள். “பொய் வலிதான். புள்ள நல்லா ஒதைக்குது. இன்னும் பத்து நாளாவது ஆகும்.”

அவன் உள்ளே போய்ப் பாயோரம் உட்கார்ந்தான். மறைக்க முடியவில்லை.

“ருக்கு, நான் ஆணி அடிச்சிட்டேன்.”

“தெரியும். சுத்தியல குடுக்கவா வேணாமான்னு கோகிலாக்கா நேத்து ராத்திரியே வந்து கேட்டாங்க. நாந்தான் குடுக்கச் சொன்னேன்.”

“நீதானே கூடாதுன்னே?”

“நேத்து சொட்டச் சொட்ட வந்து நின்னீங்கல்ல” என்றாள் ருக்மணி. அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. “ரெண்டு புள்ளயக் குடுத்துட்டேன். உங்களையும் குடுக்க என்னால முடியாது.”