ஒயர் இல்லாத கப்பல்

எங்கள் நைனாவை உத்திரமேரூரில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவர்களும் அப்படித்தான், என் வயசுப் பிள்ளைகளும் அப்படித்தான். "ரேடியோ, என் செட்டு இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அதை நான் பெருமை என்று நினைத்திருந்தேன். வியாசர்பாடியில் இருந்தபோது அவருக்கு அப்படித் தனிப் பெயர் எதுவும் கிடையாது.

அங்கே ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்தார். கடையை மூடிவிட்டார்கள். அவருடைய சொந்த ஊர் உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். ஊருக்குள் போகாமல் உத்திரமேரூரிலேயே ஒரு ரூம் பிடித்துத் தங்கினோம். ஏன் ஊருக்குப் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புளியமரத்தடியில் மேசை போட்டு ரேடியோ ரிப்பேர் பண்ணினார். மழை வந்தால் எல்லாச் செட்டையும் கோணியில் சுருட்டிக்கொண்டு டீக்கடைக்கு ஓட வேண்டும். டீக்கடைக்காரர் ஒரு நாள் பேசாமல் இருப்பார், ஒரு நாள் முணுமுணுப்பார்.

மரத்துக்கு எதிரே வரிசையாகக் கடைகள். நைனாவின் ஊர்ப் பெரியவீட்டுக்காரருக்குச் சொந்தம். அதில் ஒரு கடை பூட்டியே கிடந்தது. நைனா மேசையில் உட்கார்ந்தால் அந்தப் பூட்டுதான் நேரே தெரியும்.

ஒரு பெரிய லீவில் பெரியவீட்டுக்காரரின் பேரன் பம்பாயிலிருந்து வந்திருந்தான். என்னைவிடக் கொஞ்சம் பெரியவன். அவனிடம் ஒரு கப்பல் இருந்தது. வெளிநாட்டுச் சாமான். துண்டு துண்டாகப் பெட்டியில் வருமாம், ஒன்றொன்றாக உடைத்து எடுத்துப் பசை வைத்து ஒட்ட வேண்டுமாம். அவனும் அவன் அப்பாவும் ஒட்டியது. சாம்பல் நிறத்தில் யுத்தக் கப்பல். பீரங்கி, ஏணி, பக்கத்தில் தொங்குகிற சின்னப் படகு, எல்லாம் பிளாஸ்டிக். கொலு பொம்மை மாதிரி வைத்துப் பார்க்கத்தான் அது. ஓடாது. பையனுக்கோ அது ஓட வேண்டும். அழுது அடம் பிடித்தான். பெரியவீட்டுக்காரர் ஆள் விட்டு நைனாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பையனிடம் சிங்கப்பூர் கார் ஒன்றும் இருந்தது. கையில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் தூரத்தில் இருக்கிற கார் கேட்கும். பட்டனை விட்டால் நேரே போகும். அழுத்தினால் பின்வாங்கித் திரும்பும். நைனா அந்தக் காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். இதற்குள் இருப்பதை எடுத்துக் கப்பலுக்குள் வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, இரண்டையும் துணியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இது ஓடிச்சின்னா எதுர பூட்டிக் கெடக்கற அந்தக் கட ரூம கேட்டுடலாம்" என்றார் அம்மாவிடம்.

"கேட்டா நமக்குக் குடுத்துடுவாரா?"

"ரூம் டவுன்லதான கீது. ஊர்லயா கேக்கறன்?"



காரைப் பிரித்து மோட்டாரையும் சர்க்யூட் தகட்டையும் எடுத்தார். கப்பலின் மேல்தட்டைப் பிளேடால் அறுத்துக் கழற்றினார். பின்பக்கம் ஓட்டை போட்டு, காலி ரீஃபில் குழாயைச் செருகி, அதற்குள் சைக்கிள் கம்பியை விட்டார். தண்ணீர் ஏறாமல் இருக்கக் குழாய்க்குள் கிரீஸ். பால் டப்பா தகரத்தை வெட்டி முறுக்கி விசிறி பண்ணினார். ஏரியல் கம்பியைக் கொடிமரத்தில் சுற்றினார். எனக்கு எல்லாம் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

முதல் தடவை அம்மாவின் அண்டாவில் விட்டோம். நேரே அடிக்குப் போய்விட்டது.

"சோறாக்கற அண்டாவுல கப்பல் வுடறியே, உனக்கே நல்லா கீதா?" என்றாள் அம்மா.

"சமுத்திரத்துக்கு எங்க போறது?"

"தோ, என் கண்ணுலதான் கீது, வந்து வுடு."

மெழுகை உருக்கி ஊற்றி மறுபடி விட்டார். மிதந்தது, ஆனால் ஒரு பக்கமாகப் படுத்தது. மாமாவின் மீன் வலையிலிருந்து ஈயக் குண்டுகளை எடுத்து அடியில் வைத்த பிறகு நிமிர்ந்தது. பட்டனை அழுத்தினார். அண்டாவுக்குள்ளேயே பின்வாங்கித் திரும்பியது. அம்மா சிரித்துவிட்டாள்.

எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். நைனா மரத்தடியில் நின்றார். கப்பலைத் தூக்கிக்கொண்டு நான் தெருவோடு நடந்தேன். அவர் அழுத்தினால் விசிறி மாற்றிச் சுற்றும், நான் கையைத் தூக்க வேண்டும். சலூன் கடை வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டே போனேன். சலூனைத் தாண்டினதும் விசிறி மாறவே இல்லை, நேராகவே சுற்றிக்கொண்டிருந்தது.

"அவ்ளோதான். அதுக்கு மேல அதுக்குக் காது கேக்காது" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் நைனா கப்பல் செய்திருக்கிறார், ஒயர் இல்லாமல் ஓடும். என் வகுப்பில் ஒருத்தி நைனாவின் ஊர்தான். மேலத்தெரு. அவள் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு வந்து பார் என்றேன்.

அன்றைக்கு நைனா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார். என்னைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்தார். கப்பல் என் மடியில். ஊர் எல்லைக்கு வந்ததும் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தார் கொதித்தது. ஏன் என்று கேட்டேன். "அறுந்துடும்" என்றார்.

பெருமாள் கோயில் குளத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. பெரியவீட்டுக்காரர் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் வகுப்புக்காரியும் படியில்தான் இருந்தாள். நைனா சாலையிலேயே நின்றுவிட்டார். சாலை, அப்புறம் ஒரு மண்மேடு, அப்புறம் கல் கட்டு, அப்புறம்தான் படி. பையன் ஓடிவந்து கப்பலை வாங்கிக்கொண்டு போனான்.

"ரேடியோ, நீயே வந்து ஓட்டிக் காட்டு."

"நீ ஓட்டு தம்பி. வுட்டா நேரா போவும், அழுத்தினா திரும்பும். நடுவுக்கு மட்டும் வுட்டுடாத."

"எனக்கு பயமா இருக்கு. நீ ஓட்டு."

நைனா பெரியவீட்டுக்காரரைப் பார்த்தார். அவர், "அங்கருந்தே ஓட்டுடா. ஒயரே வேணாம்னு சொன்னியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார்.

அந்தக் குளத்தில் எங்கள் ஆட்கள் கால் வைக்கக் கூடாது. படியிலும் கூடாது. அங்கே பிறந்து வளர்ந்த நைனாவுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் வியாசர்பாடியில் பிறந்தவள். குழாயில் தண்ணீர் வரும், குடத்தை வைத்தவள் பிடிப்பாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நைனாவும் சொல்லவில்லை.

பையன் கப்பலைத் தண்ணீரில் வைத்தான். கிளம்பியது. நன்றாகத்தான் போயிற்று. நைனா அழுத்தினார், திரும்பியது. படியில் கை தட்டினார்கள். வகுப்புக்காரி வாயைத் திறந்துகொண்டு நின்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இன்னும் தூரமா, ரேடியோ, இன்னும் தூரமா" என்று கத்தினான் பையன்.

நைனா விட்டார். கப்பல் நேரே போயிற்று. அழுத்தினார். திரும்பவில்லை. மறுபடி அழுத்தினார். அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நைனா, சலூன தாண்டிடுச்சி. கிட்ட போய் அழுத்து."

அவர் டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கினார். ஏரியலை முழுக்க இழுத்தார். நுனிக்காலில் எம்பினார். கால் மட்டும் சாலையை விட்டு இறங்கவில்லை. அவரே கண்டுபிடித்த கணக்கு, அவருக்கே மறந்துவிட்டதா என்று எனக்குக் கோபம் வந்தது.

கப்பல் நடுக்குளத்தில் அல்லிக் கொடியில் போய்ச் சிக்கியது. விசிறி தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தது. மெதுவாகப் பின்பக்கம் தாழ்ந்தது. பையன் அழ ஆரம்பித்தான்.

"எவனாவது எறங்கி எடுங்கடா" என்றார் பெரியவீட்டுக்காரர்.

"கொடி காலச் சுத்திக்கும்ங்க. ஆழம் வேற."

ஒருவன் மூங்கில் கழி எடுத்துவர ஓடினான். பெரியவீட்டுக்காரர் சாலைப் பக்கம் திரும்பி, "ரேடியோ வேல நல்லா கீதுடா" என்றார். மறுபடி சிரிப்பு. வகுப்புக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நைனா, நீ போய் எடு."

"எனக்கு நீச்சல் தெரியாது."

எனக்குக் காது சுட்டது. திருமுக்கூடலில் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், ஆற்றில் தண்ணீர் வந்தால் என்னை முதுகில் போட்டுக்கொண்டு அக்கரைக்குப் போகிறவர் அவர். எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவரே அவர். ஊர் முன்னால் பயந்துகொண்டு பொய் சொல்கிறார். அப்போது எனக்கு அவரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. கப்பல் போனால் ரூமும் போயிற்று என்று எனக்குத் தெரியும்.

ஓடினேன். மேட்டைத் தாண்டி, படியில் இறங்கி, பாவாடையோடு குதித்தேன். பின்னால் நைனா கத்துவது கேட்டது. கப்பலைக் காப்பாற்றத்தான் கத்துகிறார் என்று நினைத்தேன். கொடி காலைச் சுற்றத்தான் செய்தது. உதைத்து விலக்கிப் போய்க் கொடிமரத்தைப் பிடித்தேன். பாதி மூழ்கியிருந்தது. ஒரு கையில் தூக்கிக்கொண்டு நீந்தி வந்தேன்.

படியில் ஏறும்போது யாரும் கை தட்டவில்லை.  எல்லோரும் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். நான் பெரிய காரியம் பண்ணிவிட்டதாகவும் அதற்காக வழி விடுகிறார்கள் என்றும் நினைத்தேன். பையன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். பெரியவீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"கீழ வெய்யி."

வைத்தேன்.

"யாரு இது?"

"ரேடியோ பொண்ணுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

நைனா மேட்டு விளிம்பு வரைக்கும் வந்து நின்றிருந்தார். "இங்க வா" என்றார். போனேன். கன்னத்தில் அறைந்தார். அதுவரைக்கும் அவர் என்னை அடித்ததில்லை. நான் விழுந்தேன். தூக்கி நிறுத்தி மறுபடி அறைந்தார். வகுப்புக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழந்தைங்க. பட்டணத்துல வளந்தது. தெரியாதுங்க" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். அவர் குரல் எனக்குப் புதுசாக இருந்தது.

"போதும். கூட்டிக்கினு போ" என்றார் பெரியவீட்டுக்காரர். அப்புறம்தான் கையை நிறுத்தினார்.

செருப்பை மாட்டாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊர் எல்லை வரை வேகமாக நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். எல்லை தாண்டி ஒரு வாய்க்கால் பக்கம் நிறுத்தினார். பாவாடையைப் பிழிந்துவிட்டார். தன் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டார். காலில் ஒட்டியிருந்த அல்லித் தண்டைப் பிரித்துப் போட்டார்.

"உனக்கு நீச்சல் தெரியும். நீ பொய் சொன்ன" என்றேன்.

"ஆமா" என்றார்.

வழியெல்லாம் நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை. கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பயந்தாங்கொள்ளிக்குப் பெண்ணாகப் பிறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ரூமைப் பற்றி நைனா யாரிடமும் கேட்கவில்லை. மேசையைத் திருப்பிப் போட்டுப் பூட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். ஒரு வாரம் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை.

அப்புறம் ஒரு நாள் வகுப்புக்காரி தன் ஊர்க் குளத்தில் பூஜை நடந்ததாகச் சொன்னாள். ஐயர் வந்தாராம். குடத்தில் தண்ணீர் வைத்து, மாவிலை போட்டு, மந்திரம் சொல்லிக் குளத்தில் ஊற்றினாராம். எதற்கு என்று கேட்டேன். "நீ கேட்டா சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிச்சி" என்றாள்.

அவள் சொல்லாவிட்டால் என்ன, எனக்கே புரிந்துவிட்டது. வியாசர்பாடியில் புது லாரி வாங்கினால் பூஜை போடுவார்கள். புது ஆட்டோவுக்குப் போடுவார்கள். வகுப்புக்காரிக்குப் பொறாமை, அதனால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மணி அடித்ததும் மரத்தடிக்கு ஓடினேன். நைனா ஒரு டிரான்சிஸ்டரைப் பிரித்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

"நைனா, நம்ம கப்பலுக்குப் பூஜ போட்டாங்களாம். ஐயரே வந்தாராம், கொளத்துக்கு."

அவர் பத்தவைத்த இடத்தை ஊதினார். நிமிரவில்லை.

"கப்பலுக்குத்தான நைனா?"

"ஆமாம்மா. கப்பலுக்குத்தான்."

அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். எங்கள் நைனா செய்த கப்பலுக்கு ஐயர் வந்து மந்திரம் சொல்லிப் பூஜை போட்டார் என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.