இலவசமென்று தந்த இடத்தில் எங்கள் முகங்கள்

கடல் தண்ணீரில் ஊறிய போட்டோ அல்பத்துக்கு ஒரு மணம் உண்டு. சேறும் உப்பும் பிளாஸ்டிக்கும் கலந்த மணம்...

சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருதில் எந்த முகாமுக்குப் போனாலும் அந்த மணம்தான். அல்பங்களை வெயிலில் விரித்து வைத்திருப்பார்கள். காய்ந்ததும் பிளாஸ்டிக்கை மெல்ல உரித்தால் முகமும் அதோடு உரிந்து வந்துவிடும்.

அப்போது நான் கல்முனையில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டுக் கோல், போட்டோக் கொப்பி, இன்டர்நெட். என்னோடு வேலை செய்தவன் பக்கத்துத் தமிழ் ஊர் பாண்டிருப்பைச் சேர்ந்த சுதர்சன். என்னைவிடக் கொஞ்சம் இளையவன், கம்ப்யூட்டர் என்றால் உயிர்.

ஒரு காலை முகாமிலிருந்து ஹாஜரா ராத்தா நடந்தே வந்தார். அவருடைய சின்ன மகள் ஸப்னாவை அலை கொண்டுபோயிருந்தது. வீட்டோடு போட்டோக்களும் போய்விட்டன.

"தங்கச்சி, கட்டார்ல என்ட தம்பிட்ட புள்ளட போட்டோ ஒண்டு இரிக்கி. பெருநாளைக்கு எடுத்து அனுப்பின. அத இந்தப் பெட்டிக்குள்ளால எடுக்க ஏலுமா?"

"ஓம் ராத்தா, ஏலும்."

தம்பி அங்கே ஸ்கேன் பண்ணி ஈமெயிலில் அனுப்பினார். அந்த நாள் இன்டர்நெட்டில் படம் மேலிருந்து கோடு கோடாகத்தான் இறங்கும். முதலில் சுவர். பிறகு ரிபன், நெற்றி, கண்... ராத்தா கதிரையைப் பிடித்தபடி நின்றார். வாய் தெரிந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"முன்பல்லு விழுந்திருந்த... அது எனக்கு மறந்தே போச்சி புள்ள."

சுதர்சன் எழும்பி வெளியே போய்விட்டான்.

அதன் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இங்கே இல்லாத படங்கள் சவூதியில், லண்டனில், கனடாவில் இருந்த சொந்தக்காரர்களிடம் இருந்தன. வந்த படங்களையெல்லாம் சுதர்சன் ஒரு வெப்சைட்டில் போட்டான். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று இலவசமாகத் தந்த இடம். முஸ்லிம் முகமும் தமிழ் முகமும் ஒரே பக்கத்தில் இருந்தன. இந்த ஊர்க்காரர் பக்கத்து ஊருக்குப் போக யோசித்த காலம் அது.

மீராலெப்பை காக்கா, அண்ணனை நாங்கள் அப்படித்தான் அழைப்போம், கடலுக்குப் போகிறவர். அலையில் போன அவருடைய மனைவியின் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. யாருடையவோ கல்யாணப் படத்தின் ஓரத்தில், தட்டு ஒன்றைப் பிடித்தபடி நின்றார். சவூதியில் வேலை செய்த ஒருவர் அனுப்பியது. காக்கா வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து நேரே கடைக்கு வருவார். பார்ப்பார், போவார்.

"பிரிண்ட் ஒண்டு எடுத்துத் தரட்டா காக்கா?"

"வேணாம் புள்ள. ஊட்டுல வெச்சா திரும்பக் கடல் வரும். இதுக்குள்ள இரிந்தா அழியாதே."

நானும் "ஓம், அழியாது" என்றுதான் சொன்னேன். அப்படித்தான் நம்பினேன்.

இலவசம் என்கிறார்கள். ஸப்னாவின் முகத்துக்கு மேலே உடம்பு மெலியும் மாத்திரை விளம்பரம் மினுங்கிக்கொண்டிருக்கும். மவுத்தான பிள்ளையைப் பார்க்க வந்த தாயின் கண்களுக்குத்தான் அதைக் காட்டினார்கள். அந்தக் காசு யாருக்குப் போனது? எந்த வாயால் இதை இலவசம் என்பது?

யுத்தத்தின் கடைசிக் காலத்தில் சுதர்சன் ஊரில் இல்லை. ஆமிச் சோதனைக்கும் ஆள் பிடிப்புக்கும் பயந்து அவனுடைய அம்மா டுபாய்க்கு அனுப்பிவிட்டார். மூடப்போகிறோம் என்று கம்பனி அனுப்பிய அறிவித்தல், அவன் திறக்காத பழைய ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. நாங்கள் யாரும் அறியவில்லை.

யுத்தம் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு வெள்ளிக்கிழமை. காக்கா வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தைத் திறந்தேன். இந்தச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது என்று இங்கிலீஷில் ஒரு வரி. அவ்வளவுதான். திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

"இண்டைக்கி லைன் ஸ்லோ போல," என்றார் காக்கா. பொறுமையாகக் காத்திருந்தார்...

கம்பனிக்கு எழுதினேன். திரும்பத் திரும்ப எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் நிபந்தனைகளை வாசியுங்கள் என்று மெஷின்தான் பதில் போட்டது. படங்கள் இருந்த கடைக் கம்ப்யூட்டரும் பழுதாகி எப்போதோ மாற்றப்பட்டிருந்தது.

சுதர்சனுக்குக் கோல் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவன் கேட்டான்.

"அக்கா, அந்தக் கம்பனிக்காரன்ட வீட்டில ஒருத்தரும் சாகல்லியா?"

படம் அனுப்பியவர்களை ஒவ்வொருவராகத் தேடினோம். ஸப்னாவின் படத்தை அவளுடைய மாமா உடனே திரும்ப அனுப்பினார். இன்னும் பல படங்கள் வந்தன. அந்தக் கல்யாணப் படம் வரவில்லை. அனுப்பியவர் ரூம் மாறும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டாராம். கல்யாண வீட்டாரின் அல்பத்தைக் கடல் ஏற்கனவே கொண்டுபோயிருந்தது.

காக்காவிடம் நான்தான் சொன்னேன்.

"ஆரக் கேட்டு அழிச்ச புள்ள?" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதன் பிறகு கடைக்கு வரவும் இல்லை.

சுதர்சன் இப்போது ஊரோடு வந்துவிட்டான். திரும்பக் கிடைத்த படங்களை எந்தக் கம்பனியிடமும் நாங்கள் கொடுக்கவில்லை. என் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அவன் வீட்டில் ஒன்று, தோஹாவில் ஹாஜரா ராத்தாவின் தம்பியிடம் ஒன்று. மூன்றும் தங்களுக்குள் பேசி, ஒன்றில் சேர்ந்ததை மற்றவை எடுத்துக்கொள்ளும். இங்கே கரண்ட் போனால் பாண்டிருப்பிலிருந்து படம் வரும். விளம்பரம் இல்லை. ஒருத்தர் நினைத்தவுடன் மூடவும் முடியாது.

இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், போன கிழமை என் மகளின் போன் எக்கவுண்டை ஒரு கம்பனிக்காரர் பூட்டிவிட்டார்கள். அவள் பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் அதற்குள். காரணம் சொல்லவில்லை. "ஆரிட்ட கேக்குற எண்டே தெரியல்ல உம்மா" என்று போனைக் காட்டினாள். அன்றைக்குக் கடையில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கு ஆளுக்கொரு போன், எல்லாம் தெரியும்... பூட்டும் சாவியும் மட்டும் அதே கைகளில்.

மீராலெப்பை காக்கா போன வருஷம் மவுத்தானார். அவருடைய படத்தைச் சேர்த்தோம். மூன்று இடத்திலும் இருக்கிறது. அவர் பக்கத்தில் மனைவி இல்லை. அழித்தவர்களுக்கு அந்த மனுஷியின் பெயர்கூடத் தெரியாது.