ஏழாவது மாடிக்குப் போகும் வழி

பத்து வயதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயங்கள் குறைவு. ஏழாம் வாய்ப்பாடு அவற்றில் இல்லை. ஆனால் எங்கள் புளோக்கின் லிஃப்ட்டைப் பற்றி யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன். வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று அறிக்கை அட்டையில் எழுதி அனுப்பும் ஆசிரியை அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால், என்னை நிறுத்தச் சிரமப்பட்டிருப்பார்.

சிங்கப்பூரின் பிடோக்கில் பன்னிரண்டு மாடி புளோக் அது. அந்தக் காலத்து லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது, அவ்வளவுதான். எங்கள் வீடு ஏழில். வெளியே போகும்போது இரண்டு மாடி இறங்கி ஐந்தில் லிஃப்ட் பிடிப்போம். திரும்பி வரும்போது ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்குவோம். படி ஏறுவது என்ற பேச்சே கிடையாது. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. செருப்பில் எந்தக் காலை முதலில் நுழைக்கிறோம் என்று யாராவது சொல்லிக்கொண்டா இருப்பார்கள்?

ஒரு வியாழக்கிழமை மாலை, அடுத்த புளோக்கின் பதினாறு வயதுப் பையன் கார் நிறுத்துமிடத்தில் குத்துப்பட்டுக் கிடந்தான். மருத்துவமனை போய்ச் சேருமுன் இறந்துவிட்டான். அதற்கு முந்தைய வாரம்தான் பந்து விளையாட்டில் என் அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, உன்னை என்ன செய்கிறேன் பார் என்று கத்தியிருந்தான். பாதி புளோக் அதைக் கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் போலீஸ் வந்து அண்ணனை அழைத்துப் போனது. அவனுக்கு அப்போது பதினெட்டு வயது.

அப்பா நிலையத்துக்குப் போய் வந்து அம்மாவிடம் சொன்னதை நான் கட்டிலில் படுத்தபடி கேட்டேன். தேக்கா மில்லில் அரைக்கக் கொடுத்திருந்த மிளகாய்த்தூளை வாங்கி வர அண்ணன் ஆறரைக்குப் புறப்பட்டிருக்கிறான். ஐந்தில் லிஃப்ட்டுக்காக நின்றபோது, எட்டாவது மாடியில் குடியிருந்த, நான் அண்ணன் என்றே கூப்பிடும் ஒருவன், ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்தானாம். எட்டாவது மாடி அண்ணனோ போலீஸிடம் தலைகீழாகச் சொல்லிவிட்டான். வேலை முடிந்து வந்து ஐந்தில் லிஃப்ட்டை விட்டு இறங்கியது தான்தான் என்றும், மூச்சு வாங்கப் படியேறி வந்தது என் அண்ணன் என்றும். பையன் குத்துப்பட்டது அதற்குக் கொஞ்சம் முன்பு. லிஃப்ட்டைத் தவிர்த்துப் படியேறி வந்தவன் யாரோ அவன்தான் மாட்டுவான் என்றார் அப்பா.

எட்டாவது மாடி அண்ணன் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். அதிர்ந்து பேசாதவன். அவனுக்கு யாரோடும் சண்டை கிடையாது. அவனுடைய அம்மாவை நான் ஆன்ட்டி என்பேன். என் அம்மா தொழிற்சாலைக்குப் போகும் நாள்களில் எனக்கு மதியச் சோறு அங்கேதான். அவன் பேச்சை நம்புவதா, முந்தின வாரம் சட்டையைப் பிடித்தவன் பேச்சை நம்புவதா?

சனிக்கிழமை நான் கீழ்த்தள மளிகையான மாமா கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தபோது, லிஃப்ட் அருகே ஒருவர் நின்றிருந்தார். அரைக்கை சட்டை, மெருகேற்றிய சப்பாத்து. சீருடை இல்லை. ஆனாலும் மாத்தா, அதாவது போலீஸ், என்று தெரிந்தது. அந்த நேரத்தில் அப்படி ஒரு சப்பாத்து போட்டுக்கொண்டு எங்கள் புளோக்குக்கு வேறு யார் வருவார்கள்? ஏழாவது மாடியில் தமிழ்க் குடும்பம் எந்த வீடு என்று தமிழிலேயே கேட்டார். எங்கள் வீடுதான் என்று தலையை மட்டும் ஆட்டினேன். லிஃப்ட்டுக்குள் போனதும் அவர் விரல் ஐந்துக்குப் போனது. அவ்வளவு பெரிய மனிதர் அப்படி ஒரு தவறு செய்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அங்கிள், அஞ்சு அமுக்காதீங்க. ஒன்பது."

"ஏழுக்கு ரெண்டும் ஒரே தூரம்தானே பாப்பா?"

"ஏறி வரும்போது ஒன்பது லா. வெளியே போகத்தான் அஞ்சு."

அவர் ஒன்பதை அமுக்கினார். எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே, அப்படியென்றால் எட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"அவங்களுக்குப் போகவும் வரவும் ஒன்பதுதான். அஞ்சுல இறங்கினா மூணு மாடி ஏறணும். யாருக்குப் பைத்தியம்?"

அவர் சிரிக்கவில்லை. ஒன்பதில் இறங்கி என் பின்னால் மெதுவாகப் படியிறங்கினார். எட்டைக் கடக்கும்போது ஆன்ட்டி மூங்கில் கழியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பின்னால் வந்தவரைப் பார்த்ததும் துணியை உதறுவதை நிறுத்தினார்.

எங்கள் வீட்டில் அவர் உட்காரவில்லை. வெளியே போனால் உங்கள் மகன் எந்த மாடியில் லிஃப்ட் பிடிப்பான் என்று அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி. ஐந்தில்தான், வேறு எங்கே என்றார் அம்மா, இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற குரலில். அவர் நன்றி சொல்லிவிட்டு ஐந்துக்கு இறங்கினார். சொன்னதைச் சரியாகப் பிடித்துக்கொண்டாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்துவிட்டான். இரண்டு நாளில் இளைத்திருந்தான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்று மாலையே எட்டாவது மாடி அண்ணனை அழைத்துப் போனார்கள். ஐந்தில் ஏன் இறங்கினாய் என்று கேட்டதற்கு முன்னுக்குப்பின் முரணாக உளறினானாம். அலமாரிக்கு மேலே அந்தப் பைக்குள் இரத்தம் பட்ட சட்டை இருந்ததாம். லிஃப்ட்டில் யாராவது அந்தச் சட்டையைப் பார்த்துவிடுவார்கள் என்றுதான் கீழிருந்தே படியேறியிருக்கிறான். எதற்காகக் குத்தினான் என்பதை எங்கள் வீட்டில் யாரும் என் காதுபடப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆன்ட்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்கக்கா என்று அம்மா கூப்பிட்டும் வரவில்லை. அந்த ஆள் முதலில் இந்த வீட்டுக்குத்தானே வந்தான், யார் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சண்டைக்கு வந்த குரல் இல்லை. எங்களுக்கு ஒன்றும் தெரியாதுக்கா, இவள் சின்னப்பிள்ளை, இவளுக்கும் ஒன்றும் தெரியாது என்றார் அம்மா.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குத் தெரியும். நான்தான் ஆன்ட்டி சொன்னேன். நீங்க எல்லாரும் எப்பவும் ஒன்பதுலதான் இறங்குவீங்கன்னு."

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்தக் கைக்கு மேலே கண்களை விரித்து, பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அது கிடைத்தது.

"சரியாத்தான்மா சொல்லியிருக்கே" என்றார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.

அம்மா கையை எடுத்ததும் நான் அண்ணனைத் தேடிப் போனேன். நியாயமாக அவனும் என்னைப் பாராட்டவேண்டும். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், கூப்பிட்டும் திரும்பவில்லை. நன்றி கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு ரொட்டியில் காயா ஜாம் தடவித் தின்றேன். கொலைக்கு எங்கள் ஊரில் என்ன தண்டனை என்று தொடக்கநிலை நான்காம் வகுப்பில் யாரும் சொல்லித்தருவதில்லை.