சரிவான தரை

துபாயின் அல் கூஸில் கட்டட மாடல் செய்யும் பட்டறையில் நான் பெயின்டர். என்னோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் தச்சர், ராமநாதபுரம் பக்கம். ஐரோப்பாவில் குன்றின் மேல் இருக்கும் பல நூறு வருடப் பழைய மாதா கோயில் ஒன்றை, ஒரு கண்காட்சிக்காக மரத்தில் செய்தோம்.

பலகையில் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் மட்டம் பார்ப்பது அவர் பழக்கம். அப்படிப் பார்த்துத்தான் கோயில் தரையை மட்டமாக ஒட்டியிருந்தார். சனிக்கிழமை வரைபடத்தை மறுபடி பார்த்தவர், "தப்புப் பண்ணிட்டேன்" என்றார். உண்மைக் கோயிலின் தரை, பாறையின் சரிவோடு வாசலிலிருந்து பீடம் வரை ஏறிப்போனது.

"கலாஸ், முடிஞ்சது, விடு. திங்கக்கிழமை டெலிவரி. லேட்டானா நீ ஊருக்குத்தான் போவ" என்றார் சூப்பர்வைசர்.

"உள்ள யாருண்ணே குனிஞ்சு பார்க்கப் போறாங்க?" என்றேன் நான்.

"பாறையைப் பேத்திருந்தா அதைக் கட்டினவனுக்கும் சுலபம்தான். அவன் பேக்கலையே, பெயின்ட் டப்பா. நான் மட்டும் எப்படிடா மட்டமாக்குறது?" என்றார். என்னை அவர் பெயின்ட் டப்பா என்றுதான் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. அவர் மட்டும் பட்டறைக்குப் போனார். தரையைப் பெயர்த்து, தூண்களை அடியில் அறுத்து, சரிவாகவே ஒட்டினார்.

திங்கள்கிழமை மாடல் நேரத்துக்குப் போனது. வாங்க வந்தவர்கள் கோபுரத்தை மட்டும் போட்டோ எடுத்தார்கள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை, அடுத்த பலகையை அறுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோயிலை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கட்டியவன் யாரென்றும் தெரியாது. பிறகு யாருக்காக வேலையைப் பணயம் வைத்தார்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.