ஐந்தாம் இடத்துப் பெண்கள்

எங்கள் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஐந்தாம் இடம் என்பது உறுதி எழுதி வாங்கிய காணி மாதிரி. ஒவ்வொரு வருடமும் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் அங்கேயே வந்து குந்திவிடும். வழக்கமான ஆட்டங்கள் முடிந்ததும் முதல் நான்கு அணிகள் மாகாணப் போட்டிக்குப் போகும். ஐந்தாவது அணி வீட்டுக்குப் போகும். மோசமான அணி என்று எங்களை யாரும் திட்ட முடியாது. நல்ல அணி என்று நம்பவும் மாட்டார்கள். கல்லூரிப் பத்திரிகையில் எங்களைப் பற்றி நாலு வரி வந்தால் அதில் 'நடுத்தரமான' என்ற சொல் கட்டாயம் இருக்கும். அதை எழுதுகிறவனை நேரில் பிடித்து ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று இருந்தேன். அவனுடைய நல்லகாலம், ஆள் அகப்படவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, மல்வேர்ன் என்கிற புறநகரில் வாடகைக்கு இருந்தோம். நான் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து, அதாவது நெட்போல், அணியில் கோல் போடுகிறவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஒருநாள் பின்னேரம் கல்லூரி ஜிம்மைக் கடந்து போகும்போது உள்ளே பெண்கள் பந்து எறிந்து பழகுவதைப் பார்த்தேன். போடுவதில் பாதி வெளியே போனது. வலைப்பந்தில் இல்லாத மாதிரி வளையத்துக்குப் பின்னால் கதவு அளவில் ஒரு பலகை வேறு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அப்படியும் தவறவிடுகிறார்களே என்று எனக்கு மனம் ஆறவில்லை. நினைத்ததை மனதோடு வைத்திருக்கிற ஆள் நான் இல்லை. நேரே பயிற்சியாளரிடம் போய், "நான் போடுவேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பந்தைத் தந்தார். வலைப்பந்தை விடப் பெரிய பந்து, ஆனால் வளையத்தின் உயரம் அதே உயரம்தான். வளையத்துக்குக் கிட்ட நின்று, பந்தைத் தலைக்கு மேலே பிடித்து, முழங்காலை மடித்துப் போட்டேன். பலகையில் படவேயில்லை. திரும்பவும் போட்டேன், திரும்பவும். அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "நாளைக்குச் சப்பாத்தோடு வா" என்றார். அன்று நான் செருப்போடு போயிருந்தேன்.

முதல் ஆட்டத்தில் மானம் கப்பலேறியது. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் எனக்குப் பந்து வந்தது, போட்டேன், விழுந்தது. வலைப்பந்தில் ஒரு கோல் விழுந்தால் எல்லோரும் நடுவட்டத்துக்குப் போய், அங்கிருந்துதான் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவார்கள். வருடக்கணக்கில் பழகின கால் அல்லவா? நான் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஆறுதலாக நடுவட்டத்துக்கு நடந்தேன். கூடைப்பந்தில் அப்படி ஒன்றும் கிடையாது. எதிரணிப் பெண்கள் பந்தை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து ஓடி, மற்றப் பக்கத்தில் போட்டும்விட்டார்கள். நான் மட்டும் நடுவட்டத்தில் தனியாக நின்று விசிலுக்குக் காத்திருந்தேன்.

அதோடு விட்டதா? அடுத்த முறை பந்து கையில் வந்ததும் எனக்கு முன்னால் நின்றவளைப் பார்த்து, அவள் மூன்றடி தள்ளி நிற்கட்டும் என்று பொறுத்திருந்தேன். அது வலைப்பந்து மரியாதை. பந்து வைத்திருப்பவளை நெருங்கக்கூடாது. அவளோ என் மூக்கோடு மூக்கு வைத்து நின்றாள். "தள்ளி நில்லு" என்று தமிழிலேயே அதட்டினேன். அவள் பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

பயிற்சியாளர் தலையில் கைவைத்தார். சுற்றியிருந்தவர்கள் சிரிப்பதா அனுதாபப்படுவதா என்று தெரியாமல் விழித்தார்கள். எங்கள் அணித் தலைவி மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பன்னிரண்டு வயதில் ஜமேக்காவிலிருந்து வந்தவள். அங்கேயும் பள்ளிக்கூடப் பெண்களுக்கு வலைப்பந்துதான் உயிர் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் கதைத்தது ஆங்கிலம். என் காதுக்குள் அது எப்போதும் எங்கள் தமிழாகத்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"நீ நெட்போல்காரி! சென்டர் பாஸுக்குப் போய் நிக்கிறாய் என்ன?" என்றாள்.

அந்த ஜிம்முக்குள் என் மடத்தனத்துக்குக் காரணம் தெரிந்த ஒரே ஆள் அவள். அந்த நொடியிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவளும் மல்வேர்ன்தான், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பயிற்சி முடிய அவளுடைய பழைய காரில் என்னை இறக்கிவிடுவாள். அந்தக் காரில் ஹீட்டர் வேலை செய்யாது, கையுறையோடுதான் இருக்கவேண்டும். ஆனால் ரேடியோ நன்றாக வேலை செய்யும். நான் 'மாகாணப் போட்டி' என்று வாயைத் திறந்தால் உடனே ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுவாள். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் கூட்டினாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

"ஏன், நாங்கள் போகக்கூடாதோ? எங்களுக்கு என்ன குறை?" என்று ஒருநாள் நானே ரேடியோவை நிற்பாட்டினேன்.

அப்போதுதான் சொன்னாள். அணியில் இது அவளுக்கு மூன்றாவது வருடம், கடைசி வருடம். போன வருடம் கடைசி ஆட்டத்தில் கடைசியாக எறிந்தது அவள்தான். வளையத்தில் தட்டி வெளியே வந்தது. அது விழுந்திருந்தால் நான்காம் இடம். விழாததால் வழக்கமான இடம்.

"அதுக்குப் பிறகு நான் உதைப் பற்றி யோசிக்கிறதில்லை. நீயும் சொல்லாதை" என்றாள்.

"சொல்லுவன். நாங்கள் போறம்" என்றேன். அவள் ரேடியோவைத் திரும்பப் போட்டாள்.

வாயால் சொன்னதோடு நான் நிற்கவில்லை. எங்கள் அணியில் எல்லோருக்கும் பந்தைத் தட்டித் தட்டி ஓடுவதில் பெரிய ஆசை. ஓடுவார்கள், பறிகொடுப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் பயிற்சி முடிந்தபிறகும் நின்று, தட்டாமல் எறிந்து எறிந்தே பந்தை வளையம்வரை கொண்டுபோகும் எங்கள் ஊர்ப் பழக்கத்தை மற்றவர்களுக்குக் காட்டினோம். கையில் வந்த பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கக்கூடாது, உடனே அடுத்தவளுக்கு விடவேண்டும். கடைசியில் என்னிடம் வரவேண்டும். நான் வளையத்தடியில் நிற்பேன். அங்கேயும் ஒரு தடை இருந்தது. அதிக நேரம் நின்றால் நடுவர் விசில் ஊதுவார். அதனால் வீட்டுக் கோடிப்புறத்துக் கோழி மாதிரி உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கப் பழகினேன்.

பயிற்சியாளர் முதலில் முறைத்தார். இரண்டு ஆட்டம் வென்றபிறகு அது தன்னுடைய யோசனை மாதிரிக் கதைக்கத் தொடங்கினார். கதைக்கட்டும் என்று விட்டோம்.

வீட்டில் அம்மாவுக்கு இந்த ஆட்டத்தில் துளியும் மரியாதை இல்லை. அவவும் பள்ளிக்கூடக் காலத்தில் வலைப்பந்து ஆடியவ, அதுவும் கோல் தடுக்கிறவ. என் கையில் இருந்த நகக்கீறல்களைப் பார்த்துவிட்டு, "உது என்ன கண்டறியாத விளையாட்டு? மூண்டு அடி தள்ளி நிக்கிற வழக்கம் இல்லையோ?" என்று கேட்டா.

"இல்லையம்மா. இஞ்சை இடிக்கலாம்."

"அப்ப நீயும் இடி. சும்மா இடி வாங்கிக்கொண்டு வந்து நிக்காதை."

தை மாதத்தில் எங்களுக்குச் சறுக்கியது. வரிசையாகத் தோற்றோம். நான்காம் இடம்வரை ஏறியிருந்த நாங்கள் ஐந்தாம் இடத்துக்கு இறங்கினோம். பத்திரிகைக்காரன் தன் பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்துப் போட்டான். அணியில் சிலர் அந்தச் செய்தியை வாசித்துவிட்டுத் தோளைக் குலுக்கினார்கள். எனக்கு அந்தக் குலுக்கல்தான் தாங்கவில்லை. தோற்றது எங்கள் மெத்தனத்தால், எங்கள் ஆட்டத்தால் அல்ல என்று சண்டை பிடித்தேன். மறுபடி தட்டி ஓடத் தொடங்கியிருந்தார்கள். திரும்ப எறிந்து ஆடவைத்தோம். மாசி பிறக்கத் திரும்ப வெல்லத் தொடங்கினோம். கடைசி ஆட்டத்துக்கு வரும்போது கணக்கு ஒரு குழந்தைக்கும் விளங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. நான்காம் இடத்தில் ஏரிக்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்று. ஐந்தாம் இடத்தில் நாங்கள். எங்களுக்கும் அவர்களுக்கும்தான் கடைசி ஆட்டம், எங்கள் ஜிம்மில். வெல்கிறவர் மாகாணப் போட்டிக்குப் போவார்.

நான் பஸ் சாரதிக்கும் சொன்னேன், கணக்கியல் ஆசிரியருக்கும் சொன்னேன், நாங்கள் போகிறோம் என்று. கன்ரீனில் கோப்பி ஊற்றுகிற அன்ரிக்கு நான் சொல்லாமலே தெரிந்திருந்தது. ஆட்டத்தன்று காரில் தலைவி ரேடியோவைத் தொடவேயில்லை.

அம்மா வேலைத்தலத்திலிருந்து நேரே வந்தா. தடித்த கோட்டோடும் சாப்பாட்டுப் பையோடும் முன்வரிசையில் இருந்துகொண்டு, எதிரணிப் பெண் என்னை நெருங்கும் ஒவ்வொரு முறையும் "மூண்டு அடி! மூண்டு அடி!" என்று நடுவரைப் பார்த்துக் கத்தினா. நடுவருக்குத் தமிழ் தெரிந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

எதிரணி எங்களைப் படித்துக்கொண்டு வந்திருந்தது. நெட்டையான இரண்டு பெண்கள் என்னைவிட்டு அசையவில்லை. முடிவு நெருங்கும்போது மூன்று புள்ளி பின்னால் நின்றோம். நான் பந்தோடு எழும்பியபோது ஒருத்தி என் கையில் போட்டாள் ஒரு அடி. அதற்குத் தண்டனையாக, யாரும் மறிக்காமல் எறிய எனக்கு இரண்டு தனி எறிதல், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

வளையத்துக்குப் பின்னால் அவர்களுடைய ஆதரவாளர்கள் எழும்பி நின்று கையை ஆட்டி ஊளையிட்டார்கள். நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தார்கள் போல. பாவங்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே பொடியள் சைக்கிளில் ஏறி நின்று, பட்டப்பெயர் சொல்லிச் சொல்லிக் கூவுவார்கள். என் பல்லுக்கும் பின்னலுக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கூவலுக்குள் கோல் போட்டவளுக்கு இவர்கள் எம்மாத்திரம்? ஆறுதலாக முழங்காலை மடித்துப் போட்டேன். இரண்டும் விழுந்தன.

இப்போது ஒரு புள்ளிதான் பின்னால். அடுத்து அவர்கள் எறிந்தது தவறியது, பந்து எங்களிடம் வந்தது. பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி எங்களைக் கூப்பிட்டார். இன்னும் ஒரே ஒரு எறிதலுக்குத்தான் நேரம் இருந்தது, விழுந்தால் இரண்டு புள்ளி.

"பந்து இவளிடம் போகட்டும்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். வருடம் முழுக்க "எனக்குத் தாங்கோ, எனக்குத் தாங்கோ" என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான்தானே.

"எனக்குத் தாங்கோ. ஆனால் நான் எறிய மாட்டன்" என்றேன். தலைவியைக் காட்டி, "இவள்தான் எறியவேணும்" என்றேன்.

அவளுடைய முகம் மாறிவிட்டது. "உனக்கென்ன விசரோ?"

"அவையள் ரெண்டு பேரும் என்னிலதான் பாய்வினம். உன்னை ஒருத்தரும் பார்க்கமாட்டினம்."

"நான் விட்டுட்டால்?"

"விடமாட்டாய்."

"போன முறை விட்டனான்."

"போன முறை நான் இருக்கேல்லை" என்றேன்.

இது பெருந்தன்மை இல்லை. அப்படி யாரும் நினைத்தால் அது பிழை. சுத்தமான கணக்கு. நான் எறிந்தால் நான்கு கைகளுக்கு மேலால் எறியவேண்டும், அவள் எறிந்தால் வெறும் காற்று. எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அவளுக்கு இருந்தது.

பந்து கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. பிடித்தேன், தலைக்கு மேலே தூக்கினேன், முழங்காலை மடித்தேன். அவர்கள் இரண்டு பேரும் பாய்ந்தார்கள். மூன்றாவது ஒருத்தியும் ஓடி வந்து பாய்ந்தாள். நான் எறியவில்லை. அவர்கள் காற்றில் இருக்கும்போதே அந்தப் பக்கம் தனியாக நின்ற தலைவிக்குப் பந்தைத் தள்ளினேன். அவள் ஒரு கணம் பந்தைப் பார்த்தபடி நின்றாள். என் உயிரே போய் வந்தது. பிறகு எறிந்தாள். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது, நேரம் முடிந்த மணியும் அடித்தது.

யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று ஞாபகமில்லை. ஆரவாரம் கொஞ்சம் அடங்கியபோது தலைவி வளையத்தடியில் தரையில் இருந்தாள். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். அம்மா கோட்டையும் பையையும் தூக்கிக்கொண்டு ஆடுகளத்துக்குள்ளேயே வந்துவிட்டா.

"நல்லது பிள்ளையள். எங்கையாம் அந்தப் போட்டி? எப்பவாம்?"

அம்மா என்ன கேட்கிறா என்று தலைவி என்னைக் கேட்டாள். சொன்னேன். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதே. நான் ஒருநாளும் கேக்கேல்லை. உனக்குத் தெரியும்தானே?"

எனக்கும் தெரியாது. ஊரெல்லாம் போகிறோம் போகிறோம் என்று பறையடித்தவள், எந்த ஊருக்கு, எந்த நாளில் என்று ஒரு வார்த்தை ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு பயந்திருக்கிறாள், நான் வாயைத் திறந்துகொண்டு பயந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினோம், சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாது.

"வெண்டதுக்கு ஏன் அழுறியள்?" என்று அம்மா பதறினா.

தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜிம்மின் மற்ற மூலையில் நின்ற பயிற்சியாளரைப் பார்த்து, "எந்த ஊர்? என்றைக்கு?" என்று கத்தினாள். அவர் சட்டைப்பையைத் தடவினார், காற்சட்டைப்பையைத் தடவினார். பிறகு, கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு அலுவலகத்தை நோக்கி ஓடினார்.