எச்சரிக்கை பின்பக்கத்தில் இருந்தது

என் மேசை இழுப்பறையின் அடியில் லேமினேஷன் போட்ட ஒரு தாள் கிடக்கிறது. ஒரு மூலையில் உறை பிரிந்து, உப்புக்காற்று உள்ளே புகுந்து, தாள் பழுத்துப்போயிருக்கிறது. முன்பக்கத்தில் ஒன்று முதல் ஆறு வரை படிகள், எல்லாம் ஆங்கிலத்தில். பின்பக்கத்தின் தலையில், கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அடியில் எங்கள் சிஸ்டம் மேலாளரின் கையெழுத்து, பெரிதாக, சுழித்துப் போட்டது. அந்த வேலையை விட்டு வந்தபோது நான் அங்கிருந்து எடுத்துவந்த ஒரே பொருள் இது. யாரிடமும் கேட்கவில்லை, திருடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் மீது எனக்கு இருக்கும் கோபம் இத்தனை வருடத்தில் துளியும் குறையவில்லை. குறைத்துக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில், டேங்கர் லாரிகள் ஓயாமல் போகும் சாலையை ஒட்டி இருந்த ஒரு கண்டெய்னர் யார்டில் நான் கணினி அறை உதவியாளர். வீடு திருவொற்றியூர். மேலாளர் நகரத்தின் தென்கோடியிலிருந்து காரில் வருவார். கார்க் கதவு திறக்கும் முன்பே, சுற்றியிருக்கும் ஆலைகளின் நாற்றத்துக்காகக் கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். அந்த நாற்றத்தில் பிறந்து, அந்த நாற்றத்திலேயே சோறு தின்று வளர்ந்தவர்கள் எதிரே நிற்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. சர்வர் அறைக்குள் அவர் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததே கிடையாது. வாசலில் நின்று வாய் கிழியப் பேசுவார். பேசி முடித்ததும் ஏசி அறைக்குப் போய்விடுவார்.

என்னோடு அந்த அறையில் இருந்தவர் ஒரு அண்ணன். துறைமுகத்தில் பல வருடம், கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர். இடுப்பில் அடிபட்டு, ஏணி ஏற முடியாமல் போனபின் தெரிந்தவர்கள் சொல்லி இந்த உட்கார்ந்த வேலைக்கு வந்தார். வின்ச் ஓட்டுகிறவருக்குக் கப்பலின் அடியறை கண்ணுக்குத் தெரியாது. விளிம்பில் ஒருவன் நின்று குனிந்து பார்த்துக் குரல் கொடுப்பான். அந்தக் குரலுக்குக் கை நகரவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது, அடுத்த குரலும் வரட்டும் என்று நிற்கவும் கூடாது. "கொரலு வந்தா கை பூடணும்மா. யோசிச்சிகினு குந்தினா கீழ கீறவன் காலி" என்பார். ஆங்கிலத்தை வாக்கியமாகப் படிக்க அவருக்கு வராது, ஆனால் எழுத்துக் கூட்டிச் சொன்னால் எவ்வளவு நீளமான கட்டளையையும் பிழையில்லாமல் அடிப்பார். எனக்குப் படிக்க வரும், விசைப்பலகையில் விரல் தடுமாறும். அதனால் ஓர் ஏற்பாடு தானாக அமைந்தது. "நீ கூவும்மா, நான் அட்ச்சிகினே போறேன்" என்பார். நான் தாளைப் பார்த்து எங்கள் பாஷையில் கூவுவேன், அவர் அடிப்பார்.

எல்லா வேலையும் அப்படித்தான் நடக்கும் என்பது மேலாளருக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இங்க நடக்கிறது கம்ப்யூட்டர் வேலையா, மீன் ஏலமா?" என்று கேட்டார். அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நானும் சிரித்தேன்.

அப்போது எங்களிடம் மூன்று பழைய சர்வர்கள். கேட்டில் வரும் வண்டிகளைப் பதிய ஒன்று, எடைமேடைக்கு ஒன்று, எந்தப் பெட்டி எந்த அடுக்கில் நிற்கிறது என்ற யார்டு வரைபடத்துக்கு ஒன்று. உப்பும் ரசாயனப் புகையும் அரித்து மூன்றும் மாறி மாறிப் படுத்துக்கொள்ளும். மூன்றையும் ஒரே இயந்திரத்துக்குள் குடிவைக்கலாம் என்று மேலாளர் முடிவெடுத்தார். ஒரு சர்வருக்குள் பல சர்வர்களைத் தனித்தனியாக ஓடவைக்கும் திறந்த மூல மென்பொருள் ஒன்று இருக்கிறது. உலகமெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்ப்பது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். நல்ல முடிவுதான், அதை நான் மறுக்கமாட்டேன். மூன்றில் பெரியதான யார்டு சர்வரில் ஒரு புது டிஸ்க்கைச் செருகினோம். மென்பொருளை அந்தப் புது டிஸ்க்கில் நிறுவவேண்டும். யார்டு வரைபடம் இருந்த பழைய டிஸ்க் உள்ளேயே இருந்தது. நிறுவும் வழிமுறையை மேலாளரே தயாரித்து, லேமினேஷன் போட்டு, கையெழுத்திட்டு நீட்டினார். "சின்னக் குழந்தைகூட இதை வெச்சு பண்ணிடும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கேட் மூடியிருக்கும் நேரமாகப் பார்த்து ஆரம்பித்தோம். மேலாளர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் கூவினேன், அண்ணன் அடித்தார். ஐந்தாவது படி, பட்டியலில் முதலில் வரும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தேர்ந்தெடுத்தார். ஆறாவது படி அந்தப் பக்கத்தின் கடைசி வரி. உறுதி கேட்டால் ஆம் எனக் கொடுக்கவேண்டும். "ஆமான்னு போட்டு எண்டர அமுக்குண்ணா" என்று கூவிவிட்டுத் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தின் முதல் வரியைக் கூவ ஆரம்பித்தேன். தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும், வேறு டிஸ்க்குகள் இருந்தால் முன்பே கழற்றிவிடவேண்டும் என்று இருந்தது. பாதியிலேயே நிறுத்தினேன். எண்டர் விசையின் சத்தம் அதற்கு முன்பே கேட்டிருந்தது. பட்டியலில் முதலில் நின்றது பழைய டிஸ்க்.

மேலாளர் இந்த வழிமுறையைத் தன் வீட்டுக் கணினியில்தான் சோதித்திருந்தார். அதில் ஒரே ஒரு டிஸ்க். பட்டியலில் முதலில் வருவதும் அதுதான், கடைசியில் வருவதும் அதுதான். எல்லாவற்றுக்கும் நகல் இருக்கிறது என்று எப்போதும் சொல்லிவந்தார். தேடிப்பார்த்தால் பல வாரத்துக்கு முந்தைய நகல். திங்கட்கிழமை கேட் திறந்தபோது எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. லாரிகள் சாலை வரைக்கும் நின்றன, டிரைவர்கள் காது கூசத் திட்டினார்கள். ஒவ்வொரு பெட்டியாக நடந்துபோய் எண்ணைத் தாளில் எழுதினோம். இரண்டு நாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் அந்த வெயிலில் நடந்தார். "இன்னா பேஜாரும்மா இது" என்று ஒரே ஒருமுறை சொன்னார். மேலாளர் வெளியே வரவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார்.

அதில் யாரைப் பற்றி எழுதினார் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். மேலாளர் இந்தத் தாளைப் பின்பக்கம் மேலே தெரியும்படி மேசைமேல் வைத்தார். "எச்சரிக்கை எவ்வளவு பெருசா இருக்கு பாருங்க சார். எந்த டாக்குமெண்டையும் முழுசா படிச்சிட்டுதான வேலைய ஆரம்பிக்கணும்? இவருக்குக் கை சும்மா இருக்காது. வின்ச் ஓட்டின புத்தி" என்றார். அதிகாரி தாளை எடுத்துப் பார்த்தார். முன்பக்கம் திருப்பவில்லை. என்னிடம், "இந்த எச்சரிக்கையைப் படிச்சியாம்மா?" என்று கேட்டார்.

"படிச்சேன் சார்" என்றேன்.

அவர் அண்ணனிடம் திரும்பினார். "அவங்க படிச்சாங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பட்ச்சா சார்" என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். எப்போது படித்தாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. எச்சரித்தும் கேட்காமல் அழுத்திவிட்டார் என்று முடிவானது. அண்ணனை யார்டின் வெளிவேலைக்கு மாற்றினார்கள். ஏணி ஏற முடியாத மனிதரைப் பெட்டிமேல் ஏறிக் கொக்கி மாட்டச் சொன்னால் எத்தனை நாள் தாங்குவார்? மூன்றாவது வாரம் வருவது நின்றது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது.

இதை நான் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். மேலாளரை ஆசை தீரத் திட்டி, நீங்களும் என்னோடு சேர்ந்து அவரை வெறுக்கத் தொடங்கியபிறகு, தாளைத் திருப்பி இதைக் காட்டுகிறேன். அந்த ஆளிடம் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை இதுதான்.

சில வருடம் கழித்து வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கேயும் அதே மென்பொருளை நிறுவவேண்டியிருந்தது. அதன் அதிகாரபூர்வ நிறுவல் பக்கத்தை அன்றுதான் முதன்முதலில் திறந்தேன். வாசித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி மேலிருந்து படித்தேன். டிஸ்க்கைத் தேர்ந்தெடு, உறுதி கொடு, அதற்குக் கீழே எச்சரிக்கை. மேலாளர் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. இங்கிருந்து அப்படியே அள்ளி ஒட்டி, கீழே கையெழுத்தைப் போட்டிருக்கிறார்.

இப்படிப்பட்ட மென்பொருளின் வழிமுறைப் பக்கங்களுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். நான் அனுப்பினேன். எச்சரிக்கையை அந்தப் படிக்கு மேலே ஏற்றுங்கள். மற்ற டிஸ்க்குகளைக் கழற்றுவதை முதல் படியாக வையுங்கள். முதலில் வரும் டிஸ்க் என்று சொல்லாதீர்கள், அளவையும் டிஸ்க்கின்மேல் அச்சிட்டிருக்கும் தொடர் எண்ணையும் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து ஆவணப் பொறுப்பாளரிடமிருந்து பதில் வந்தது. எச்சரிக்கை ஏற்கெனவே இருக்கிறதாம். பக்கத்தை முழுவதும் படித்துவிட்டு ஆரம்பிப்பது பயனரின் பொறுப்பாம். என் கோரிக்கையை மூடியும் விட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எந்த ஊர்க்காரரோ, முகம்கூடத் தெரியாது, எங்கள் மேலாளரின் வாயை இரவல் வாங்கி வந்ததுபோல் பேசுகிறார்.

முதலில் எழுதிய பதில் முழுக்க வசவு. அழித்தேன். பிறகு நடந்ததை எழுதினேன். ஒருவர் படிக்க ஒருவர் அடிக்கும் அறைகள் உலகத்தில் உண்டு. நான் படித்தேன், அவர் அடித்தார். எச்சரிக்கை என் வாயில் வந்தபோது அவர் கை எண்டரை அழுத்தி முடித்திருந்தது. விசாரணையில் நான் அதைச் சொல்லவில்லை, அவருக்கு வேலை போனது. இவ்வளவுதான் எழுதினேன். அந்தப் பொறுப்பாளர் வருத்தமெல்லாம் தெரிவிக்கவில்லை. மூடியதைத் திறந்து, எந்த வார்த்தைகளில் வேண்டும் என்று கேட்டார். மூன்று வரிக்காகப் பல வாரம் முட்டிக்கொண்டோம். நான் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் எச்சரிக்கை மேலே ஏறியது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு ராயபுரத்துக்குப் போனேன். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி, தன் மச்சானின் ஐஸ் கடையில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. காலால் ஒரு பெட்டியைத் தள்ளி, "குந்து" என்றார். நான் தாளை எடுத்து, பழைய மாதிரியே அவருக்குச் சொல்லிக்காட்டினேன். முதலில் எச்சரிக்கை, பிறகு கழற்றுவது, பிறகு டிஸ்க். கண்ணை மூடிக் கேட்டார். வலது கை மடியிலேயே இருந்தது.

"இப்போ கரீட்டா கீது" என்றார். இதை மாற்றவைக்க அன்று நடந்ததை எழுதி அனுப்பினேன் என்றேன். பிறகு, "என்னிய பத்தி இன்னா எய்தின?" என்று கேட்டார். சொன்னேன்.

"அத்த எவனோ வெள்ளக்காரனுக்கு எய்திகீற."

"ஆமாண்ணா."

"யார்டுக்கு எய்தினியா?"

நான் தாளை மடித்தேன். கோணியை விலக்கி ஐஸ் கட்டியைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். "அந்தாளு கலீஜ் ஆளு, அது எனக்கு முன்னியே தெரியும். நான் அந்தாள நம்பி கைய வெக்கல. உன் கொரல நம்பி வெச்சேன்." பிறகு, "அந்தத் தாள எட்த்துகினு போ. இங்க தண்ணி பட்டு வீணா பூடும்" என்றார். டீ குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்னும் அவமானமாக இருந்திருக்கும்.

இன்று இந்தப் பழுத்த தாளை இழுப்பறையிலிருந்து எடுத்து, இரண்டு பக்கத்தையும் நகலெடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அந்த யார்டின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். அந்த அதிகாரி ஓய்வுபெற்றிருக்கலாம், மேலாளர் இன்னும் மேலே போயிருக்கலாம், பிரித்துப் பார்க்காமல்கூடக் குப்பையில் போடலாம். அண்ணனுக்கு அந்த நாற்காலி திரும்பக் கிடைக்கப்போவதில்லை. நாலு முறை எழுதிக் கிழித்தேன். நாலிலும் முதல் வரியில் மேலாளர் வந்து உட்கார்ந்துகொண்டார். ஐந்தாவதில் அண்ணனின் முழுப்பெயரை எழுதி, நான் எச்சரிக்கையைப் படித்தது அவர் எண்டரை அழுத்தியபிறகுதான், அதை விசாரணையில் மறைத்தது நான்தான் என்று ஆரம்பித்திருக்கிறேன். கீழே என் கையெழுத்து. மேலாளரைப் பற்றியது பின்பக்கத்தில் இருக்கிறது.